முழவும் மொழியும்: இசையொலியின் அடிப்படைகள் குறித்து ஒரு மொழியியல் நோக்கு



இசையொலி, இசைக்கருவி, தாளம் ஆகிய மூன்றும் உலகப் பண்பாடுகளில் அமைந்துள்ள முறையைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். ஓராண்டு நடத்தினாலும் முடியாத பாடம் இது. நாம் மொழியியல் பயின்றோமேயன்றி இசைவாணர் அல்லோம். ஆதலின், இசையரங்கின் தலைவாயிலை விட்டு, மொழி என்னும் பக்கவாயில் வழியாக உள்ளே செல்வோம். அவ்வழியே செல்வோர் கண்ணில் முதலில் படுவது ஒன்றுண்டு. முழவைக் கையால் கற்பதற்கு முன்னரே மனிதர் அதனை வாயால் கற்றனர். அந்த வாய்ப்பாடம் நம் பிள்ளைகளிடம் இன்று எந்நிலையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கவலை.

இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆயர் ஈத்தாம் என்று தமிழெழுத்தில் எழுதியவுடன் முல்லை நிலத்து ஆயர் நம் நினைவில் வந்து நிற்கின்றனர். அது செவியின் மயக்கம். மலாய்மொழியில் ஆயர் என்பது நீர். ஈத்தாம் என்பது கருமை. கருநீர் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். எனினும், வந்து நின்ற ஆயரை உடனே அனுப்பிவிட வேண்டா. சற்றுப் பின்னர் அவர்கள் நமக்குத் தேவைப்படுவர்.

இவ்வூர் மட்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. சாலையோரக் கடைகளில் சாடியோ பூந்தொட்டியோ வாங்குவோர் விலை பேசுமுன் ஒன்று செய்வதைக் கண்டிருப்பீர்கள். விரலை மடக்கிப் பாண்டத்தை ஒரு தட்டுத் தட்டுவர். பழுதற்ற பாண்டம் 'கணீர்' என்னும். விரிசல் கண்டது 'பொத்' என்னும். கண்ணுக்குப் புலப்படாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. இசையொலியின் அடிப்படைகள் நான்கும் அந்த ஒரு தட்டிலேயே அடங்கியுள்ளன.

சிறு சாடியின் ஒலி உயர்ந்து ஒலிக்கும். பெருஞ்சாடியின் ஒலி தாழ்ந்து ஒலிக்கும். இது சுருதி. ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே இதற்குக் காரணம். மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரும். ஓங்கித் தட்டினால் ஒலி பெருகும், அது உரப்பு. ஒலி எவ்வளவு நேரம் நின்று தேய்கிறது என்பது கால அளவு. நான்காவது பண்பு. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் மண்சாடியை வெண்கல மணியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது இதுவே. மானாமதுரையில் கடம் செய்வோர் மண்ணைப் பக்குவப்படுத்துவதிலும், தட்டித் தட்டிச் சுவரின் கனத்தைச் சீராக்குவதிலும் காட்டும் பொறுமை முழுவதும் சுருதிக்காகவும் இந்தப் பண்புக்காகவும்தான்.

முதல் மூன்றையும் பாடநூல்கள் நன்றாகவே விளக்குகின்றன. நான்காவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மொழியியலாருக்கோ நான்காவதே நடுப்பொருள். 'ஆ' என்றும் 'ஈ' என்றும் ஒரே சுருதியில், ஒரே அளவு நேரம், ஒரே உரப்பில் ஒலித்துப் பாருங்கள். குரல்வளை செய்யும் அதிர்வு இரண்டிற்கும் ஒன்றே. நாவும் இதழும் நிலை மாறியதால் வாயறையின் வடிவம் மாறியது. வடிவம் மாறியதால் அதிர்வின் எப்பகுதி ஓங்குகிறது என்பது மாறியது. 'ஈ' ஒலிக்கும்போது 2,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒரு பகுதி ஓங்கும். 'ஊ' ஒலிக்கும்போது அந்த ஓங்கல் 1,000 அதிர்வுக்கும் கீழே இறங்கிவிடும். உயிரெழுத்துகளின் வேறுபாடு பண்பின் வேறுபாடே. தன் பண்பை நினைத்த மாத்திரத்தில் மாற்றிக்கொள்ளும் கருவி வாய் ஒன்றே. வேறெந்தக் கருவியின் ஒலியையும் வாய் ஓரளவு நடித்துக் காட்ட முடிவதற்கு இதுவே காரணம். இக்கருத்தைச் சற்று நினைவில் இருத்துக.

கால அளவைத் தமிழிலக்கணம் எவ்வளவு நுட்பமாகக் கருதியது என்பதை ஆசிரியர்கள் அறிவர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் உவமை காட்டினார். நம் வகுப்புகளில் இதனைத் தேர்வுக்கான எண்ணாகக் கற்பிக்கிறோம். கைநொடித்துக் காட்டும் ஆசிரியர் எத்துணைப் பேர்? நூன்மரபின் இறுதியில் தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்லிச் செல்கிறார். உயிர்கள் தமக்குரிய அளவைக் கடந்து நீள்வதும், மெய்கள் நீண்டு இசைப்பதும் உண்டு. அவை யாழ்நூலுக்குரிய செய்தி என்பர் புலவர் என்கிறார். இலக்கணத்தின் எல்லை இவ்விடத்தில் முடிகிறது, இசையின் எல்லை இவ்விடத்தில் தொடங்குகிறது என்று வேலி நட்டவர், அவ்வேலியில் ஒரு வாயிலையும் வைத்துச் சென்றார். மெய்யெழுத்து நீளும் என்று அவர் கூறியதை மேலோட்டமாகப் படித்துச் செல்லலாகாது. தொம் என்னும் சொல்லில் மகரம் நீண்டு ஒலிப்பதை முழவு பயில்வோர் நாள்தோறும் வாயால் செய்கின்றனர்.

இனிச் சுரங்களுக்கு வருவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு தமிழ்ப் பெயர்களை நாம் அறிவோம். இப்போது ஆயரை அழைக்கலாம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு ஏழிசையின் பெயர்களைச் சூட்டுகிறாள் மாதரி. குரல் என்னும் பெயருடையாள் மாயவனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் நப்பின்னையாகவும் கொள்ளப்படுகின்றனர். ஏழு பேரில் ஏன் இந்த மூவர்? குரலிலிருந்து ஐந்தாம் நரம்பு இளி. இளியிலிருந்து ஐந்தாம் நரம்பு துத்தம். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையில் குரலை அடுத்து வருவன இவ்விரண்டே. கதைக்குள் இசைக்கணக்கை ஒளித்து வைத்த இடம் இது. இதனை வகுப்பில் ஏழு மாணவியரை நிறுத்தி ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடலாம்.

இந்த ஐந்தாம் நரம்பின் உறவு நமக்கு மட்டும் உரியதன்று. கம்பியின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் சுரம் பிறக்கும் என்பதைக் கிரேக்கர் பித்தாகரசின் பெயரால் வழங்கினர். சீனர், குழலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தும் கூட்டியும் தம் சுரங்களைப் பெற்றனர். மூன்று நாடுகளில் ஒரே கணக்கு. ஆயினும் உலகம் முழுவதும் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டது என்று எண்ணிவிடலாகாது. ஜாவாவின் கம்லான் இசையில் சிலேண்ட்ரோ என்னும் ஐந்து சுர அமைப்பும், பெலோக் என்னும் ஏழு சுர அமைப்பும் உள்ளன. ஒரு கம்லான் தொகுதியின் சுருதி மற்றொரு தொகுதியின் சுருதியோடு அப்படியே பொருந்துவதில்லை. பொருந்த வேண்டும் என்று அவர்கள் விரும்புவதும் இல்லை. பாலித்தீவினர் ஒரு படி மேலே சென்றனர். இணையாக உள்ள இரு கருவிகளை வேண்டுமென்றே சற்றுப் பிசகிய சுருதியில் அமைப்பர். இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது ஒலியில் ஓர் அலை எழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஓம்பாக். மலாய் பேசும் நம் பிள்ளைகளுக்கு இச்சொல் புதிதன்று. கடலலைக்கும் அதே சொல்தான். 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு, மேலை இசைக்குழுக்களுக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று ஓர் அளவைப் பரிந்துரைத்தது. இன்று கைப்பேசியில் உள்ள சுருதிக்கருவி காட்டுவதும் அந்த எண்ணையே. அது ஒரு வசதி. அதனை இயற்கையின் விதியாகக் கருதி, கம்லானையோ நம் கோயில் நாதசுரத்தையோ அக்கோலால் அளந்து 'சுருதி சேரவில்லை' என்பது அறியாமை.

கருவிகளைத் தமிழர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வகுத்தனர். மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணியோர் உண்டு. மொழியியலார் என்ற முறையில் நம் வாக்கு அவர்களுக்கே. வடமொழி நாட்டியசாத்திரமும் நான்கு வகை காட்டுகிறது. இவ்வகைப்பாடு ஐரோப்பாவை அடைந்த கதை சுவையானது. கல்கத்தாவைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர், பெல்ஜிய மன்னருக்கு இந்திய இசைக்கருவிகளின் தொகுதி ஒன்றை அனுப்பினார். அத்தொகுதி பிரஸ்ஸல்ஸ் நகரின் கருவிக்கூடத்தை அடைந்தது. அக்கூடத்தின் காப்பாளராகிய விக்தர் மகிலியோன் 1880 முதல் வெளியிட்ட அட்டவணையில் கருவிகளை நான்கு வகையாகவே பிரித்தார். அதனை விரித்து ஹோர்ன்போஸ்டல், சாக்ஸ் என்னும் இருவர் 1914இல் வெளியிட்ட முறையே இன்று உலக அருங்காட்சியகங்களில் வழங்குகிறது. எது அதிர்ந்து ஒலி எழுப்புகிறது என்ற ஒரே வினாவே இவ்வெல்லா முறைகளுக்கும் அடி. தோலா, காற்றா, நரம்பா, உடலேயா?

நம் ஜொகூரில் இந்நான்கும் ஒரே மேடையில் கூடும் இடம் ஒன்றுண்டு. அது மலாய் கசல். காம்புஸ் அரபு நாட்டு வழியில் வந்த நரம்புக்கருவி. வயலின் ஐரோப்பியருடையது. ஆர்மோனியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி, இந்தியாவில் கைத்துருத்தி பெற்றுத் தரையில் அமர்ந்து, பின்னர் இங்கு வந்தது. மராக்காஸ் என்னும் கிலுகிலுப்பை நாலாம் வகைக்கு. தபேலா வடஇந்தியாவினது. பாடப்படுவதோ மலாய்ப் பந்துன். கசல் என்னும் பெயர் அரபுச்சொல். ஒரு கச்சேரிக்குள் இத்தனை நாடுகள் அமர்ந்திருப்பினும் கேட்போர் அதனை ஜொகூர் இசை என்றே அறிவர். அப்படி அறிவதே சரி.

தபேலாவின் நடுவிலும் நம் மிருதங்கத்தின் வலப்பக்கத்திலும் ஒரு கரும்பொட்டு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காக இடப்பட்டதன்று. வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக அமைவதில்லை. எனவே உலகின் பெரும்பாலான முழவுகளின் ஒலி தெளிவான சுரமாக நிற்பதில்லை. நடுவில் கரும்பொடிக் குழம்பை அடுக்கடுக்காகத் தேய்த்து எடையேற்றும்போது அம்மேலதிர்வுகள் முழு மடங்குகளாக வந்து அமர்கின்றன, தோலொலி சுரமாகிறது. இதனை அறிவியல் முறையில் ஆராய்ந்து சர் சி. வி. இராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். ஒளியாராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்றவர் என்று மட்டும் அறிந்த மாணவர்களுக்கு இதனையும் சொல்லுங்கள். அவர் விளக்கியது உண்மை. ஆனால் அப்பொட்டை இட்ட பெயர் தெரியாத கைவினைஞன், கணக்கு எதுவும் அறியாமல், காதை மட்டுமே துணைக்கொண்டு அதனைக் கண்டடைந்தான் என்பதும் உண்மை.

தோற்கருவிகளில் நம்மைச் சுற்றியுள்ள மூன்றைப் பார்ப்போம். முதலாவது மலாய்த் திருமணங்களில் ஒலிக்கும் கொம்பாங். ஆட்டுத்தோல் போர்த்திய மரவளையம். இடக்கையில் ஏந்தி வலக்கையால் அடிப்பது. தோல் தளர்ந்தால் வளையத்திற்கும் தோலுக்கும் இடையே பிரம்புத் துண்டைச் செருகி இறுக்குவர். இரண்டாவது நம் தோட்டப்புறங்கள் அறிந்த தப்பு. அதுவும் வளையத்தில் போர்த்திய தோல்தான். ஆனால் நெருப்பில் காய்ச்சி இறுக்குவது. அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரு குச்சிகளால் முழக்குவது. ஒரே உருவம், இரண்டு தொழில்நுட்பம், இரண்டு ஒலி. கொம்பாங் குழுவில் ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடி விழும். பல கைகள் சேர்ந்தே ஒரு தாளம் முழுமையாகும். மூன்றாவது உறுமி. இடைசுருங்கிய உடல்; ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்க, மறுமுகத்தில் நேர்க்குச்சி அடிக்கிறது. தேய்த்து ஒலியெழுப்பும் முழவு உலகில் மிகுதியாக இல்லை. பெயரைப் பாருங்கள்: உறுமுவதால் உறுமி. கருவி தன் பெயரைத் தானே சொல்கிறது.

தன் பெயரைத் தானே சொல்லும் கருவி இன்னொன்று இந்நாட்டில் உண்டு. ஆங்கிலேயர் 'கோங்' என்னும் சொல்லை எம்மொழியிலிருந்து பெற்றனர் தெரியுமா? மலாய், ஜாவாத் தீவுக்கூட்டத்திலிருந்துதான். வெண்கலத்தைக் குமிழ்ப்பகுதியில் அடித்தால் எழும் ஒலியை வாய் எப்படி நடித்ததோ அதுவே பெயராயிற்று. அப்பெயரே உலகமெங்கும் சென்றது. அச்சொல்லின் முடிவைக் கவனியுங்கள். அது ஒரு மெல்லெழுத்தில் முடிகிறது.

இவ்விடத்தில்தான் நம் உரையின் நடுவுக்கு வந்திருக்கிறோம். மிருதங்கம் பயிலும் குழந்தைக்கு முதற்பாடம் த, தி, தொம், நம். இவை பொருளற்ற ஓசைகள் என்று பலர் கருதுகின்றனர். மொழியியலார் செவியோடு கேட்டால் இவற்றுள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தோலைத் தட்டி, விரலை அதிலேயே வைத்து ஒலியை அடக்கும் இடத்தில் வல்லெழுத்தோடு நிற்கும் ஓசை வருகிறது: த, கிட, தத். கையை எடுத்துத் தோலை அதிரவிடும் இடத்தில் மகரத்தில் முடியும் ஓசை வருகிறது: தொம், நம், தீம். மெல்லெழுத்தை ஒலிக்கும்போது வாய் அடைபட்டாலும் மூக்கின் வழியே ஒலி தொடர்கிறது; தோலின் அதிர்வு தொடர்வதற்கு வாயில் அதனினும் ஏற்ற ஒப்பு இல்லை. இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலிக்கு இதழ் குவியும் ஒகரம்: தொம். வலப்பக்கத்து உயர்ந்த ஒலிக்கு இதழ் விரியும் ஈகாரம்: தீம். முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன செய்தி இங்கே பயன்படுகிறது. ஊகாரத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஓங்கல் தாழும். ஈகாரத்தை நோக்கிச் செல்லச் செல்ல உயரும்.

இஃது தமிழுக்கு மட்டும் உரிய வழக்காயின் தற்செயல் எனலாம். கொரிய நாட்டு ஜாங்கு முழவைப் பாருங்கள். அதிரும் தாழ்ந்த அடிக்குக் குங் என்பர். குச்சியால் விழும் குறுகிய அடிக்குத் தொக் என்பர். ஜப்பானியப் பெருமுழவின் நடுவில் விழும் அடி தொன். விளிம்பில் விழும் அடி கா. சீனர் முழவுக்குத் தோங் என்பர். கைத்தாளமும் கோங்கும் சேர்ந்து ஒலித்தால் சியாங் என்பர். தபேலாவில் அதிரும் அடிக்குத் தின், துன். அடக்கிய அடிக்குக் கத், தே. ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாத மக்கள் அனைவரும், அதிரும் ஒலியை மெல்லெழுத்தில் முடித்தனர். அடங்கும் ஒலியை வல்லெழுத்தில் நிறுத்தினர். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை என்று மொழியியலின் முதல் வகுப்பில் கற்பிப்பர். நாமும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தோம். முழவுச்சொற்கள் அவ்விதிக்கு வெளியே உள்ள ஒரு தனித்தோட்டம்.

ஆசிரியப் பெருமக்கள் நாள்தோறும் கற்பிக்கும் இரட்டைக்கிளவியும் இத்தோட்டத்துச் செடியே. தடதட, படபட, கலகல, சலசல, கிணிகிணி, டும்டும். தடதட என்பதில் வல்லெழுத்து; அதிர்வு உடனுக்குடன் அறுந்து விழுகிறது. கிணிகிணி என்பதில் மெல்லெழுத்து. மணியின் ரீங்காரம் தங்குகிறது. எப்பொருளுக்கு எக்கிளவி என்று மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், மாணவர் வாயால் ஒலித்துக் காரணம் தேடட்டும். மனப்பாடம் தானே வந்து சேரும்.

ஜொகூர் பாருவில் 1988இல் தோன்றிய ஒரு கலையை இங்கே கூற வேண்டும். 24 பருவ முழவுகள் என்று இன்று இந்நாட்டுச் சீனர் எங்கும் முழக்குவது அது. சீன நாட்காட்டியின் 24 பருவங்களின் பெயர்களையும் 24 முழவுகளின் மேல் எழுதி வைத்து, பருவத்தின் நிகழ்ச்சிகளையும் உழவரின் தொழிலையும் அடவாகவும் அடியாகவும் மாற்றினர். பள்ளிப் பிள்ளைகளே அதனை வளர்த்தனர். புதிதாகத் தோன்றிய ஒரு கலை ஏறத்தாழ இருபதாண்டில் நாட்டின் மரபுடைமையாக ஏற்கப்பட்டது. முழவின் மேல் எழுத்தை ஏற்றினர். முழவு வகுப்பறைக்குள் வந்தது. இதனைப் பொறாமையுடன் சொல்லவில்லை, ஆனால் ஏக்கம் இல்லாமலும் சொல்லவில்லை.

ஏனெனில் நம் முழவின் பெயரே எழுத்தோடும் பேச்சோடும் தொடர்புடையது. பறை என்பதற்குச் சொல் என்னும் பொருள் தமிழில் உண்டு. மலையாளத்தில் இன்றும் பறயுக என்றால் பேசுதல். ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் துந்துன் என்னும் இடைசுருங்கிய முழவைக் கக்கத்தில் இடுக்கி, வாரை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவர். அவர்கள் மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறும். ஆதலின் முழவு வாக்கியமே பேசும். நம் உடுக்கையும் இடையை அழுத்திச் சுருதி மாற்றும் கருவிதான். தமிழ் அத்தகைய சுருதிமொழியன்று. எனவே நம் முழவு வாக்கியம் பேசவில்லை. ஆனால் பேச்சு என்னும் பெயரைத் தாங்கியது. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தெண்ணினார். உரையாசிரியர் குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பகுத்துக் காட்டினர். அவ்வளவு உயரத்தில் இருந்த சொல் பின்னர் இழிவின் அடையாளமாக ஆக்கப்பட்டது. அடித்தோரின் சாதியையும், அது ஒலித்த சாவீட்டையும் காட்டி, ஒலியையே ஒதுக்கினர். கடல் கடந்து இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தபோதும் அந்த ஒதுக்கல் மூட்டையில் கூடவே வந்தது.

தாளத்தைப் பற்றிச் சிறிது கூறி, இக்கவலைக்கு மீள்வோம். மும்மைக்குத் தகிட, நான்மைக்குத் தகதிமி, ஐம்மைக்குத் தகதகிட, எழுமைக்குத் தகிடதகதிமி, ஒன்பான்மைக்குத் தகதிமிதகதகிட. அனைத்தும் குறில்களே, எழுத்தை எண்ணினால் மாத்திரை, மாத்திரையை எண்ணினால் தாளம். யாப்பில் சந்தமும் வண்ணமும் இவ்வழியே நடப்பன. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் தன, தான, தத்த, தந்த என்னும் வாய்பாடுகளின்மேல் சொற்களை அடுக்கியது முழவறிந்தவர் செயல். செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும்போது பொருளை முதலில் விளக்காமல், சந்தத்தை மேசையில் தட்டிக்காட்டித் தொடங்கிப் பாருங்கள்.

துருக்கியரும் ஒன்பதைத் தாளமாகக் கொள்வர். ஆனால் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பகுப்பர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் அக்சாக், அதாவது நொண்டி நடை. நமக்கோ ஒன்பது நொண்டுவதில்லை. கானா நாட்டு ஏவே மக்கள் பன்னிரண்டு துடிப்பில் ஏழு மணியடிகளை 2, 2, 1, 2, 2, 2, 1 என்னும் இடைவெளியில் வைப்பர். சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் பன்னிரண்டு தானங்களில் அமைந்திருக்கும் இடைவெளியும் இதுவே. எண்களின் விளையாட்டு என்பதற்குமேல் இதில் ஏதும் இல்லை. ஆயினும் கணித ஆசிரியர்களுக்குச் சொல்லி வைக்கத் தோன்றுகிறது. சுற்றிவரும் தாளம் நமக்கும் ஜாவாவினருக்கும் பொது. நம் தாளவட்டத்தில் கனம் முதலடியில், சமத்தில் விழும். அவர்கள் வட்டத்தில் கனம் கடைசி அடியில் விழும். பெரிய கோங் அங்கேதான் ஒலிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் நமக்கு ஒன்று பெரிது. அவர்களுக்கு நான்கு பெரிது. கம்லான் கேட்டு 'தாளம் பிடிபடவில்லை' என்போர் இந்த ஒன்றை அறிந்தால் பிடிபடும்.

இனிக் கவலை. யாழ் நமக்கு இல்லை. பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் அதன் பத்தரையும் கோட்டையும் திவவையும் அங்குலம் அங்குலமாக வருணித்தன. 1947இல் விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் அதன் இசையைக் கணக்கிட்டு மீட்க முயன்றார். அப்பேருழைப்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும் வாசித்தவரின் கையும் கற்பித்தவரின் வாயும் அறுந்தபின் எழுத்தால் மட்டும் ஒலியைத் திருப்பிக் கொணர இயலவில்லை. அதே வில்வடிவ யாழினத்தைச் சேர்ந்த சவுங் பர்மாவில் இன்றும் ஒலிக்கிறது. அங்கே எழுத்து மிகுதியாக இருந்ததால் அன்று. ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கைமாறுவது நிற்கவில்லை.

தப்பும் உறுமியும் இதற்கு நேர் எதிர்நிலையில் உள்ளன. ஒலி இருக்கிறது, எழுத்து இல்லை. இந்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் இளைஞர் உறுமி மேளம் முழக்குகின்றனர். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை என்று நாம் அறிந்தவன், ஐந்து நடைகளை மாற்றி மாற்றி ஒரு அடி பிசகாமல் வாசிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவனைக் கேட்டால் அடியை வாயால் சொல்வான். அவனுடைய அண்ணன் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான். அவன் தம்பி இனி அப்படிக் கற்பான் என்பதற்கு உறுதியில்லை. காணொளியைப் பார்த்துக் கையை நகலெடுப்பது எளிதாகிவிட்டது. காணொளியில் கை தெரியும், வாய் தெரியாது. த எங்கே, தொம் எங்கே என்னும் பிரிவு தெரியாது. வாய்ப்பாடம் போனபின் எஞ்சுவது விரைவும் உரப்பும் மட்டுமே. நான்கு அடிப்படைகளில் பண்பு முதலில் போகும். 'வெறும் இரைச்சல்' என்று பெரியோர் கடிந்துகொள்ளும் நிலை அப்போது மெய்யாகவே வந்துவிடும்.

எனவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் உறுமியோ தப்போ தவிலோ அறிந்த மாணவன் ஒருவன் இருப்பான். அவனைத் தமிழ் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். கருவி வேண்டா. அடிகளை வாயால் சொல்லட்டும். மற்ற மாணவர் தமிழெழுத்தில் எழுதட்டும். குறில் எது, நெடில் எது, மெல்லெழுத்து எங்கே முடிகிறது என்று கோடிட்டுக் காட்டட்டும். அடியின் பெயர், அதனை எந்தச் சடங்கில் வாசிப்பர், யாரிடம் கற்றான், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார் என்னும் நான்கு செய்திகளையும் பக்கத்தின் தலையில் குறிக்கட்டும். ஒலிப்பதிவு செய்வதாயின் வாயை முதலிலும் கையைப் பின்னரும் பதிவு செய்க. மெய்யெழுத்து நீண்டொலிக்கும் இடங்களில் என்ன குறியீடு இடுவது என்ற வினா எழும். 'தொம்ம்' என்று மகரத்தை இரட்டித்து எழுதினால் இப்போதைக்குப் போதும். மாணவர் எழுதும் அத்தாள்களின் படியைப் பேரவைக்கு அனுப்பி வைத்தால், அடுத்த ஆண்டு இவ்வரிசையிலேயே அவற்றைத் தொகுத்து அச்சிடலாமா என்று பேரவையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.